கடனும் கடமையும்: கண்டித் தோட்டங்களில் அறச்செயலின் வரலாறு

அறமாக நடப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு நாம் பெரும்பாலும் நீதிநூல்களில் விடை தேடுகிறோம். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் வரலாற்றில் அந்த விடையைக் கணக்குப் புத்தகங்களில் தேட வேண்டியிருக்கிறது. யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எதற்குக் கட்டுப்பட வேண்டும், எதை மறுக்கலாம் என்ற கேள்விகளெல்லாம் அங்கே ஒரே சொல்லைச் சுற்றி எழுந்தன. அந்தச் சொல் 'கடன்'.

தமிழில் கடன் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன்தான். நேர்த்திக்கடன், பிதிர்க்கடன், காலைக்கடன் என்று இன்றும் சொல்கிறோம். இந்த இரு பொருளும் கலந்தபோது ஒரு சமூகம் எப்படிக் கட்டுண்டது, அவற்றைப் பிரித்தறிய அது எப்படிக் கற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

முன்பணமும் நம்பிக்கையும்

1820களில் கம்பளைக்கு அருகே ஜோர்ஜ் பேர்டும், பேராதனையை அடுத்த கன்னொறுவையில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸும் கோப்பி பயிரிட்டார்கள். கண்டிச் சிங்கள விவசாயிகள் தம் வயலை விட்டு நாட்கூலிக்கு வரத் தயங்கினார்கள். ஆகவே திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து ஆள் சேர்க்கப்பட்டது. பஞ்சமும் சாதிக்கொடுமையும் துரத்த, மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

அவர்கள் நடக்கத் தொடங்குமுன்பே கடன் தொடங்கிவிட்டது. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் ஆள் சேர்த்து வேலையையும் மேற்பார்த்த கங்காணியின் கணக்கில் ஏறின. கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சிலருக்கு உறவுக்காரரும்கூட. அதனால் பணக்கடன் நன்றிக்கடனின் நிறத்தைப் பெற்றது. அவருடைய சொல்லைத் தட்டுவது ஊரையும் உறவையும் தட்டுவதாக உணரப்பட்டது. தன் ஆட்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தோட்டம் 'பென்ஸ் காசு' கொடுத்தது. ஆட்கள் கடனில் இருப்பதே அவருக்கு வருமானமாயிற்று.

இந்த நன்றியுணர்வுக்குச் சட்டம் பூட்டுப் போட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போவதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. நான்கு ஆண்டுகளில், 1869இல், ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. தோட்ட வாழ்வைப் பற்றித் தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான அது நின்றது தோட்ட நிர்வாகிகளான துரைமார் பக்கம். அவர்களுக்கு உகந்த உழைப்பொழுக்கம் கும்மிப்பாட்டின் மெட்டில் தொழிலாளரிடம் வந்து சேர்ந்தது.

துண்டு என்னும் காகிதம்

அதே 1869இல் கோப்பி இலைகளில் கண்ட நோய் அப்பயிரை அழித்தது. ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, அடுத்த சில பத்தாண்டுகளில் மலைகளை மூடியது. கோப்பிக்குப் பழக்காலத்தில் ஆள் வந்தால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க வேண்டும். தொழிலாளரை நிரந்தரமாக நிறுத்திவைக்கும் கருவியாகத் 'துண்டு' வேரூன்றியது.

அதன் இயக்கம் இதுதான். ஒரு தோட்டத்தை விட்டுப் போக விரும்பும் கங்காணிக்கு, 'இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு. இதைக் கட்டினால் விடுவிக்கிறேன்' என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அந்தச் சீட்டோடு தோட்டம் தோட்டமாகப் போவார். புதிய துரை பழைய துரைக்குப் பணத்தைக் கட்டுவார். அந்தத் தொகை, பலவேளை இன்னும் கொஞ்சம் கூடி, மறுபடி தொழிலாளர் தலையில் ஏறும். கொழுந்தெடுப்பவள் ஒரு சதமும் வாங்காமலே அவள் பெயரிலுள்ள கடன் வளரும். தான் யாருக்கு, எதற்காக, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கே தெரியாது. தெரியாத கடனைத் தீர்ப்பதே ஒழுக்கம் என்று அவள் நம்பவைக்கப்பட்டாள். இந்த வரலாற்றின் மிகப் பெரிய அறப்பிழை இதுவென்பது என் கருத்து.

கணக்கைக் கேட்டவர்கள்

பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி இம்முறைக்கு எதிராக வாதாடினார். 1921இல் துண்டு சட்டப்படி ஒழிந்தது. ஆனால் வேலையிலிருந்து நீக்கும் 'பத்துச்சீட்டு' நீடித்தது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும் என்ற அச்சமும் அதோடு நீடித்தது.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகையாலும் சங்கத்தாலும் அந்த அச்சத்தை எதிர்கொண்டார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுகளால் தொழிலாளரைத் திரட்டினார். கும்மி மெட்டில் வந்த பணிவுப் பாடத்துக்குச் சிந்து மெட்டில் மறுமொழி பிறந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மத்திய மலைநாட்டில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், பிள்ளைக்கு 31 சதம் என்று நாட்கூலி வகுக்கப்பட்டது. கூலி துரையின் தயவு என்ற எண்ணம் முதன்முறையாக ஆட்டங்கண்டது. ஆனாலும் பெண்ணின் உழைப்பு மலிவு என்ற அநீதியை அதே சட்டம் எழுத்தில் உறுதிப்படுத்தியது.

கணக்கைக் கேட்டவர்கள் எதிர்ப்பக்கத்திலும் இருந்தார்கள். மடுல்கலையின் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த இளம் வெள்ளையர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தொழிலாளரோடு நெருங்கிப் பழகியதால் வேலையை இழந்தார். 1937 ஏப்ரல் 3இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டக் கொடுமைகளை வெளிப்படையாகப் பேசினார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. தன் இனத்துக்குக் காட்டும் விசுவாசத்தைவிடக் கண்ணால் கண்ட உண்மை பெரிது என்று அவர் முடிவெடுத்தார்.

ஹேவாஹெட்டையின் முல்லோயாத் தோட்டத்தில் விலை இதைவிடக் கூடியது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரி 10இல் பொலிஸார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு முன் அவர் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அந்நிகழ்வை ஒட்டிய அதிகார மோதலில் அமைச்சர்களே பதவி துறந்தார்கள். அதுவரை ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு தோட்ட எல்லைக்குள்ளேயே முடிந்துபோகும். கோவிந்தனின் சாவு நாட்டை விடை சொல்லவைத்தது.

நாடு தள்ளிவைத்த கணக்கு

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தலைமுறைகளாக உழைத்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த இருண்ட காலத்திலும் அறச்செயல் நின்றுவிடவில்லை. 1972இல் கண்டியில் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம், தோட்டத் தமிழரையும் கிராமத்துச் சிங்களவரையும் ஒரே கூரையின்கீழ் அமர்த்திப் பேசவைத்தது. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தது. நாடற்றவராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

முடிவுரை

இந்த வரலாற்றில் அறச்செயல் மூன்று படிகளில் வளர்ந்திருக்கிறது. முதலில் அது வாங்கிய கடனுக்கு விசுவாசமாய் இருப்பது. அடுத்து, அந்தக் கடன் உண்மையா என்று கேட்பது. மூன்றாவது, பிறர் சுமக்கும் பொய்க்கணக்கைத் தன் கணக்காக எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பது. நன்றி உயர்ந்த குணம்தான். ஆனால் கணக்கைக் காட்டாமல் நன்றியை மட்டும் கேட்பவரிடம் அறம் இல்லை. இதை மலையகம் பாடுபட்டுக் கற்றது. கற்றதை நமக்கும் தந்திருக்கிறது.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் முன்னோர் கடனோடு நடந்த திசையிலேயே பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். அவர்கள் கையில் துண்டு இல்லை. நிலம், வீடு, நியாயமான கூலி, சமமான குடியுரிமை என்று நாடு தீர்க்க வேண்டியவற்றின் பட்டியல் இருந்தது.