அரராத் சிதறிய கனவு

கனவு என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து விடுகிறார்கள். ஒரு சாராருக்குக் கனவில் வந்ததெல்லாம் கட்டளை. மறு சாராருக்கு அந்தச் சொல்லே பித்அத்தின் வாசல். பள்ளிவாசல் திண்ணையில் இந்தச் சர்ச்சையைக் கேட்டு அலுத்துப் போன எனக்கு, துருக்கியின் பதீஉஸ்ஸமான் ஸஈத் நூர்ஸி (ரஹ்) அவர்களின் வரலாற்றை வாசித்தபோது கேள்வியே வேறாகப் பட்டது. கண்டவர் விழித்தெழுந்த பின் என்ன செய்தார்? வரலாறு எழுதுபவனின் கைக்கு எட்டுவது அது மட்டுந்தான்.

கிழக்கு அனதோலியாவின் பித்லிஸ் மாகாணத்தில் நூர்ஸ் என்பது ஒரு குர்திய மலைக்கிராமம். 1877ஆம் ஆண்டளவில் அங்கு பிறந்தார் ஸஈத். ஒரு மத்ரஸாவில் நிலையாக இருக்க மாட்டார். சக மாணவருடன் பிணக்குப்பட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில்தான் முதற் கனவு. மறுமை நாள். ஸிராத் பாலத்தடியில் காத்து நிற்கிறார். நபிமார்களைச் சந்தித்து, இறுதியில் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் கல்வியை வேண்டுகிறார். குர்ஆனின் அறிவு தரப்படும், ஆனால் உம்மத்தில் எவரிடமும் கேள்வி கேட்கக் கூடாது என்ற நிபந்தனை விதிக்கப்படுகிறது.

சிறுவர் காணும் கனவுதானே என்று விட்டுவிடலாம். அவர் விடவில்லை. 1907இல் இஸ்தான்பூல் வந்து, பாதிஹ் பகுதியில் ஷெகர்ஜி ஹான் என்ற விடுதியில் தங்கினார். இங்கு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லப்படும், எவரிடமும் கேள்வி கேட்கப்பட மாட்டாது என்று அறைக்கதவில் எழுதி வைத்தார். தலைநகரின் பெரிய ஆலிம்கள் வந்து சோதித்துப் பார்த்தார்கள். முப்பது வயது மலைநாட்டுக்காரர் அயராமல் பதில் சொன்னார். திருப்பி ஒரு வினாவும் தொடுக்கவில்லை. விவாதமென்றால் எதிராளியை மடக்குவதே என்று எண்ணும் நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும்.

அவர் தலைநகர் வந்ததன் நோக்கம் வேறு. வான் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அவரது வாழ்நாள் ஆசை. மார்க்கக் கல்வியும் நவீன விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும். அறபு வாஜிப், துருக்கி லாஸிம், குர்தி ஜாயிஸ் என்று மும்மொழிக்கும் இடம் வகுத்தார். போதனாமொழிப் பிரச்சினையில் தலைமுறை தலைமுறையாக உழன்ற இலங்கை முஸ்லிம்களுக்கு இந்த வகுப்பு முறையின் அருமை விளங்கும். வான் ஏரிக்கரையில் அத்திவாரம் இடப்பட்டது. யுத்தம் வந்தது. அத்திவாரத்தோடு நின்றது.

யுத்தம் மூளுமுன் கண்டதுதான் பிரசித்தி பெற்ற அந்தக் கனவு. அரராத் மலையடிவாரத்தில் நிற்கிறார். மலை பயங்கரமாக வெடித்துச் சிதறி, மலையளவு பாறைகள் உலகின் நாலா திசைக்கும் பறக்கின்றன. பக்கத்தில் தாயார். பயப்பட வேண்டாம், இது அல்லாஹ்வின் கட்டளை என்று தாயைத் தேற்றுகிறார். அவ்வேளை மகத்தான ஒருவர் தோன்றி, குர்ஆனின் இஃஜாஸை விளக்கு என்று ஆணையிடுகிறார். விழித்ததும் அவர் கொண்ட பொருள் இதுதான்: பெரும் வெடிப்பு ஒன்று வரவிருக்கிறது, குர்ஆனைச் சூழ்ந்து நின்ற அரண்கள் வீழும், இனிக் குர்ஆன் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

1914இல் யுத்தம், 1922இல் சுல்தானியம் ஒழிப்பு, 1924இல் கிலாபத் ஒழிப்பு. நடந்ததை வைத்துப் பார்த்தால் கனவு பலித்தது எனலாம். ஆனால் அந்த நாட்களில் உஸ்மானிய அரசு ஆட்டங்காண்பதை அறியக் கனவு தேவையில்லை. பத்திரிகை வாசிப்பவர் எவரும் அறிவர். என்னைப் பிடித்துக்கொண்டது கனவின் பின்பாதி. எர்ஸூரூம் பக்கத்துப் பாஸின்லர் போர்முனையில், குதிரை முதுகிலும் பதுங்குகுழியிலும் இருந்தபடி அவர் அறபியில் தப்ஸீர் சொல்லச் சொல்ல, மாணவர் முல்லா ஹபீப் எழுதினார். நூல்கள் கைவசமில்லை, மனனமே துணை. ‘இஷாராதுல் இஃஜாஸ்’ என்ற அந்நூல் ஸூறா பகறாவின் 33ஆம் வசனத்தோடு நிற்கிறது. முல்லா ஹபீப் அந்த யுத்தத்திலேயே ஷஹீதானார். 1916இல் பித்லிஸ் வீழ்ந்தபோது உஸ்தாத் கால் முறிந்த நிலையில் ரஷ்யரிடம் கைதியானார். வொல்கா நதிக்கரையின் கொஸ்த்ரோமாவில் இரண்டு வருடம். 1918இல் தப்பி வந்தார். நூல் அவ்வருடமே இஸ்தான்பூலில் அச்சேறியது.

1919இல் இன்னொரு கனவு. தோல்வியுற்ற நாடு, தலைநகரில் அந்நியப் படை. ஒரு வெள்ளி இரவில், ஒவ்வொரு நூற்றாண்டின் பெரியார்களும் கூடிய சபை அவரை அழைத்து, இந்த நிலை ஏன் வந்ததென்று விசாரிக்கிறது. தொழுகையிலும் நோன்பிலும் ஸகாத்திலும் காட்டிய அலட்சியத்தோடு தோல்வியை இணைத்துப் பதில் சொல்கிறார். அந்தப் பதிலை ஏற்பதும் விடுவதும் வாசகர் பாடு. அந்நியர் மேல் முழுப்பழியையும் போடக்கூடிய வேளையில், உள்வீட்டுக் கணக்கைப் பார்த்தார் என்பதைக் குறித்துக் கொள்ளலாம்.

கனவுகளைப் பற்றி அவரே எழுதியது ‘மக்தூபாத்’தின் 28ஆம் கடிதத்தில் இருக்கிறது. கனவு மூவகை. அவற்றில் இரண்டு, உடல்நிலையாலோ பகலின் நினைவுகளாலோ உண்டாகும் குழப்பக் கனவுகள்; அவற்றுக்கு விளக்கம் தேட வேண்டியதில்லை. மூன்றாவதே மெய்க்கனவு. அது நுபுவ்வத்தின் 46 பங்கில் ஒன்று என்ற ஹதீஸுக்கு ஆலிம்கள் சொல்லும் கணக்கு ஒன்றுண்டு: வஹ்யின் காலம் 23 வருடம், அதன் தொடக்கத்தில் மெய்க்கனவுகள் வந்தது ஆறு மாதம்.

நிதானமான பேச்சு. ஆனால் எல்லா இடத்திலும் அந்த நிதானம் இருந்ததென்று சொல்ல என்னால் முடியாது. அப்ஜத் எண்கணக்கால் சில ஆயத்துகள் தம் ‘ரிஸாலே நூர்’ தொகுப்பைச் சுட்டுகின்றன என்று அவர் எழுதியதைத் துருக்கி ஆலிம்கள் பலர் கண்டித்தார்கள். கண்டித்தது சரியென்றே நானும் நினைக்கிறேன். எழுத்தை எண்ணாக்கினால் யாருடைய பெயரையும் எங்கும் காணலாம்.

1925இல் ஷேக் ஸஈத் கிளர்ச்சி எழுந்தபோது இவர் அதில் சேரவில்லை. ஆயினும் நாடு கடத்துவது போல மேற்கே புர்துருக்கும், பின் பர்லா என்ற சிற்றூருக்கும் அனுப்பினார்கள். அதே 1925இல் துருக்கித் தொப்பி சட்டத்தால் தடுக்கப்பட்டது. இருபது வருடம் முன், 1905இல், சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அவர்கள் நீதிமன்றில் அதே தொப்பியை அணியும் உரிமைக்காக இலங்கை முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உஸ்தாத் தலைப்பாகையைக் கழற்றவில்லை.

1928இல் அறபு எழுத்தும் போயிற்று. பர்லாவில் அவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதினர். இஸ்பார்த்தா கிராமங்களில் உழவரும் பெண்களும் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டு அறபெழுத்தில் பிரதி எடுத்தனர். ‘நூர் தபாற்காரர்’ என்று பேர் பெற்றோர் ஊருக்கு ஊர் கொண்டு சென்றனர். நம் மூதாட்டிகள் பெட்டிக்குள் வைத்திருந்த அறபுத்தமிழ்க் கிதாபுகளை நினைத்துக்கொண்டேன். அங்கே சட்டம் தடுத்தும் எழுதினார்கள். இங்கே யாரும் தடுக்காமலே கைவிட்டோம். 1935இல் எஸ்கிஷெஹிர், 1943இல் தெனிஸ்லி, 1948இல் அப்யோன் என்று சிறைகள் தொடர்ந்தன. 1956இல்தான் அப்யோன் நீதிமன்றம் நூல்களை விடுவித்தது. லத்தீன் எழுத்தில் அவை பகிரங்கமாக அச்சாயின.

1960 மார்ச்சில், கடும் சுகவீனத்துடன் உர்ஃபா வந்தார். ஊரை விட்டு வெளியேறும்படி பொலிஸார் விடுதிக்கே வந்து வற்புறுத்த, மக்கள் மறித்து நின்றனர். 23ஆம் திகதி, ஹிஜ்ரி 1379 ரமழான் 25இல் வபாத்தானார். தமது கப்று ஓரிருவருக்கு மேல் எவருக்கும் தெரியக் கூடாது என்று முன்னரே மாணவரிடம் சொல்லியிருந்தார். ஆனால் உர்ஃபாவில் அடங்கிய இடம் ஸியாரத்துக்குரியதாயிற்று. மே மாதம் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜூலை 12இல், அவருடைய சகோதரரைக் கொன்யாவிலிருந்து அழைத்துவந்து ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி, இரவோடிரவாகக் கப்றை உடைத்து, ஜனாஸாவை இராணுவ விமானத்தில் ஏற்றினார்கள். இஸ்பார்த்தா பக்கம் எங்கோ அடக்கியதாகச் சொல்கிறார்கள். உர்ஃபாவில் அந்தக் கப்று இருந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.