கொரிய மொழியின் இடைநிலை இலக்கண வடிவங்கள்

கொரிய மொழியில் வினையடியோடு சேரும் இணைப்பு விகுதிகள், துணைவினைகள், வாக்கிய முடிப்புகள் ஆகியவற்றை நுட்பமாக வேறுபடுத்திக் கற்கும் கட்டமே இடைநிலை. தென்கொரிய அரசின் டோபிக் தேர்வில் உள்ள ஆறு படிகளில் மூன்றும் நான்கும் இதில் அடங்கும். தேர்வின் இரண்டாம் பிரிவில் 300 மதிப்பெண்ணுக்கு 120 எடுத்தால் மூன்றாம் படி, 150 எடுத்தால் நான்காம் படி.

தொடக்கநிலையில் ஒரு விகுதியின் பொருள் தெரிந்தால் பெரும்பாலும் போதும். இடைநிலையில் அது போதாது. எழுவாய் யார், வினை எத்தகையது, அடுத்து என்ன வரலாம் என்ற கட்டுப்பாடுகளே இங்கு உண்மையான பாடம். காரணம் கூறும் விகுதிகள் இதற்கு நல்ல சான்று. 'அசொ' (அல்லது 'ஒசொ') பொதுவான காரணத்தைச் சொல்கிறது. ஆனால் அதன் பின் கட்டளையோ அழைப்போ வராது. "மழை பெய்வதால் குடையை எடுத்துப் போ" என்பதற்கு 'நிக்கா' வேண்டும். மேலும் 'அசொ' இறந்தகால இடைநிலையை ஏற்காது. "பெய்ததால்" என்று காலம் காட்டிப் பழகிய தமிழர் இங்கேதான் அடிக்கடி தவறுகிறார்கள். 'நுராகொ' இன்னும் கண்டிப்பானது: ஒரு வேலையில் ஈடுபட்டிருந்ததால் இன்னொன்று கெட்டது என்று சொல்லும்போது வரும்; இரண்டு செயலுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்ததால் தூங்கவில்லை என்பதற்கு அது பொருந்தும். மழையால் நான் தாமதமானேன் என்பதற்குப் பொருந்தாது; எதிர்பாராத இடைஞ்சலைக் குறிக்கும் 'நுன் பராமெ' அங்கே வரும்.

துணைவினைகள் தமிழருக்கு எளிது. 'பொதா' (பார்) சேர்ந்தால் சாப்பிட்டுப் பார் என்பதுபோல முயற்சிப் பொருள்; 'சுதா' (கொடு) சேர்ந்தால் செய்து கொடு; 'துதா' (வை) சேர்ந்தால் திறந்து வை. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. ஆனாலும் வினை இறுதியில் வருவதும் விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவதும் கற்பவருக்குப் பெரும் துணை.

தமிழில் நேர் இணையில்லாதது 'தொ' என்னும் இடைச்சொல். தானே கண்டதையும் உணர்ந்ததையும் நினைவுகூர்ந்து பிறருக்குச் சொல்லும்போது 'தொராகொயொ' என்று முடிப்பார்கள். புத்தகத்தில் படித்த பழைய வரலாற்று நிகழ்ச்சிக்கு இது பொருந்தாது. கொரியரோடு இயல்பாகப் பேச விரும்புவோர் முதலில் தேர்ச்சி பெற வேண்டிய வடிவம் இதுவே. கேட்பவருக்குத் தெரிந்ததை நினைவூட்டும் 'சானாயொ', அவர் அறியாத காரணத்தைத் தரும் 'கொதுன்யொ' ஆகியவையும் பேச்சுக்கு உரியவை.

எழுத்தில் நிலைமை வேறு. டோபிக்கின் 53ஆம் வினாவுக்கு 200 முதல் 300 எழுத்துகளிலும், 54ஆம் வினாவுக்கு 600 முதல் 700 எழுத்துகளிலும் எழுத வேண்டும். அங்கே 'யொ' என முடியும் பேச்சு நடை விலக்கப்பட்டு, 'தா' என முடியும் நடையே எதிர்பார்க்கப்படுகிறது.

விகுதிகளையும் அவற்றின் பொருளையும் பட்டியலாக மனப்பாடம் செய்வது இக்கட்டத்தில் பயன் தராது. ஒவ்வொரு வடிவத்தையும் முன்னும் பின்னும் உள்ள இரு தொடர்களோடு முழு வாக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வாக்கியத்தில் அது வராது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.