மூன்றாவது குதி

ரெண்டு மாசம் முன்னாடி, பெங்களூரு ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது மகனிடமிருந்து போன். "அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றுதான் ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தாலே ஏதோ ஆகியிருக்கிறது என்று அர்த்தம். தனியாக செஸ்னா ஓட்டி இறங்கும்போது, சக்கரம் தரையில் பட்டு விமானம் குதித்திருக்கிறது. பயந்துபோய் மூக்கைக் கீழே அழுத்தியிருக்கிறான். மறுபடி குதித்தது. மூன்றாவது தடவை மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பல்லர் ஓடுபாதையை உழுதுவிட்டது. அவன் அம்மாவிடம் ரெண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன் (வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை).

எதிர் வீட்டில் எச்.ஏ.எல்.லில் ரிடையரான சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். கேட்டுவிட்டு, "எங்க காலத்துப் பிளேன்ல மூக்குச் சக்கரத்தை உடைக்கவே முடியாது சார். அதுல அப்படி ஒண்ணு கிடையாதே" என்றார்.

உண்மைதான். கட்கே வடிவமைத்து 1951ல் பறந்த எச்.டி.-2, 1958ல் வந்த புஷ்பக் இரண்டும் பெங்களூரில் பிறந்தவை. இரண்டுக்கும் மூன்றாவது சக்கரம் வாலில். துணி போர்த்திய அந்தப் புஷ்பக்கில்தான் நம் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே பழகியது. வால்சக்கர விமானத்தில் கனம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கி ஓடும்போது லேசாகத் திரும்பினாலும் பின்னால் உள்ள கனம் முன்னே வரப் பார்க்கும். சுதாரிப்பதற்குள் விமானம் தட்டாமாலை சுற்றி, இறக்கை தரையில் உரசும்.

அமெரிக்காவில் செஸ்னா கம்பெனி தன் 170 மாடலின் வால்சக்கரத்தை எடுத்துவிட்டு மூக்கில் ஒன்று வைத்து, 1956ல் 172 என்று விற்றது. கனம் முன்னால் வந்ததால் விமானம் தானே நேராக ஓடும். 'லேண்ட்-ஓ-மேட்டிக்' என்று விளம்பரம் வேறு! இதுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள்.

தட்டாமாலை குறைந்தது, குதியாட்டம் வந்தது. பின்சக்கரங்கள்தான் முதலில் தரை தொடவேண்டும். மூக்குச் சக்கரம் அந்த அடியைத் தாங்கச் செய்ததல்ல. குதித்தால் எஞ்சினை முழுசாகத் திறந்து மேலே போய்விட வேண்டும் என்பது பாடம். "தெரியும்ப்பா, கை கேக்கலை" என்றான்.

விசாரணைக்கு எழுதிக் கொடுக்கும்போது காற்றின் மேல் பழி போடலாமா என்று யோசித்திருக்கிறான். சர்வதேச சிவில் விமான அமைப்பு 1951ல் ஏற்ற 13வது இணைப்பின்படி, விபத்து விசாரணை அடுத்த விபத்தைத் தடுக்கத்தான், ஆளைக் குற்றம் சாட்ட அல்ல. அதைச் சொல்லி, நடந்ததை நடந்தபடியே எழுது என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி லோன் கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று போன் பண்ணினான். இன்ஸ்ட்ரக்டரோடு 12 லேண்டிங். ஒன்று குதித்ததாம். உடனே மேலே போய்விட்டானாம்.