குவேக்கும் குவாக்கும்

2001 அக்டோபரில் அமெரிக்காவில் சில வன்பொருள் விமர்சகர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். குவேக் 3 விளையாட்டு நிரலில் 'குவேக்' என்று வரும் இடத்திலெல்லாம் 'குவாக்' என்று மாற்றினார்கள். வாத்து கத்தும் சத்தம். வேறெதையும் தொடவில்லை. ஆனால் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டில் படம் தெளிவானது, வேகம் குறைந்தது. கார்டின் டிரைவர், ஓடுவது குவேக்தான் என்று பெயரை வைத்தே கண்டுகொண்டு, சுவரிலும் தரையிலும் ஒட்டப்படும் டெக்ஸ்ச்சர்களின் தரத்தை ஓசைப்படாமல் குறைத்திருந்தது. விமர்சகர்கள் கார்டுகளின் வேகத்தை அளக்க அன்று பயன்படுத்திய தராசு குவேக் 3.

தரத்தைக் கொடுத்து வேகம் வாங்குவது பாவமில்லை. 1993-இல் வந்த டூமிலேயே எஃப்5 விசையைத் தட்டினால் படம் கட்டம் கட்டமாகும், ஆட்டம் வேகமெடுக்கும். 1996-இல் வூடூ கார்டு வந்தது. 1999-இல் வந்த ஜீஃபோர்ஸ் 256, உருவங்களை நகர்த்தி ஒளியூட்டும் கணக்கையும் சிபியுவிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஆனாலும் செட்டிங்ஸ் பக்கம் நீண்டுகொண்டேதான் போனது.

இந்தக் கார்டுகள் எதையும் எங்கள் வீரகேரளம்புதூரில் நான் பார்த்ததில்லை. 'வைஸ் சிட்டி' ஆடிய காலத்தில் கூட்டாளி வீட்டில் இருந்தது மதர்போர்டோடு வந்த இன்டெல் கிராபிக்ஸ். தனக்கென்று நினைவகம் கிடையாது, ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும். உருவக் கணக்கு முழுக்க சிபியு தலையில். அதனால் எந்த செட்டிங்குக்கு என்ன விலை என்று எங்களுக்கு மனப்பாடம். ரெசல்யூஷன் 1024-க்கு 768 என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 7,86,432 புள்ளிகள். 640-க்கு 480 என்றால் 3,07,200. பாதிகூட இல்லை. டிரா டிஸ்டன்ஸைக் குறைத்தால் தூரத்துக் கட்டடங்கள் மறைந்துபோய், கிட்டே போனதும் திடீரென்று முளைக்கும். "கட்டடம் வரலைன்னா என்னலே, வண்டி ஓடுதுல்லா" என்பான் கூட்டாளி. படம் அசிங்கம்தான். ஆனால் எதை இழப்பது என்று முடிவு செய்தது நாங்கள்.

ஏடிஐ அதை ஒரு பிழை என்று சொன்னது. அடுத்து வந்த டிரைவரில் தரம் திரும்பியது, வேகமும் பெரிதாகக் குறையவில்லை. அப்படியென்றால் முதலில் ஏன் குறைத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. 2003 மே மாதம் என்விடியாவின் முறை. 3டிமார்க்03 சோதனையில் கேமரா போகும் பாதை முன்பே தெரியும் என்பதால், அதன் கண்ணில் படாத பகுதிகளை டிரைவர் வரையாமலே விட்டது. சோதனையைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் அந்த வழிகளை அடைத்ததும் மதிப்பெண் 24 சதவீதம் வரை விழுந்தது. அடுத்த மாதமே இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டன: அது ஏமாற்று அல்லவாம், 'மேம்படுத்தல்'.

2018-இல் டிஎல்எஸ்எஸ் வந்தது. இன்று 4கே திரையில் அதை 'பெர்ஃபாமன்ஸ்' என்று வைத்தால் உள்ளே வரையப்படுவது 1920-க்கு 1080, கால்வாசிப் புள்ளிகள். மிச்சத்தை நியூரல் நெட்வொர்க் ஊகித்து நிரப்புகிறது. நன்றாகவே நிரப்புகிறது, மறுக்க மாட்டேன். இதையாவது மெனுவில் வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். 2022-இல் வந்த ஃபிரேம் ஜெனரேஷனோ, வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஊகித்த ஒன்றைச் செருகி, அதையும் ஃபிரேம் கணக்கில் சேர்க்கிறது. எண் ஏறும், விசையை அழுத்தும் கை உணரும் தாமதம் அதனால் குறையாது. அதை மட்டும் நான் அணைத்து வைத்திருக்கிறேன்.