காளவாய் தந்த உஷ்ணம்

விழுப்புரத்துக்குக் கிழக்கே கோலியனூரில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று புதுவைக்கும் மற்றொன்று பண்ணுருட்டி வழியே கும்பகோணத்துக்கும் செல்கின்றது. இக்கூட்டுச் சாலையிலிருந்து எத்திசையில் புறப்பட்டாலும் எதிர்ப்படும் பழைய கோயில்கள், செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், புதுவையின் பிரெஞ்சுக் காலத்து மாளிகைகள் ஆகியவற்றின் சாந்திலோ பூச்சிலோ ஒரே திரவியத்தைக் காணலாம். அது காளவாயில் வெந்து, தொட்டியில் நீறி, கொத்தனார் கையால் சுவரேறிய சுண்ணாம்பு.

இவ்வட்டாரத்தில் அதன் தொன்மைக்குச் சாட்சி சொல்வது, வியப்பாக, சுண்ணாம்பே இல்லாத ஓர் ஆலயம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் மும்மூர்த்திகளுக்குக் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிச் சாசனம், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி அது சமைக்கப்பட்டதென்று பெருமிதத்துடன் கூறுகின்றது. சுண்ணமில்லாமை பெருமைக்குரியதாயிற்றென்றால், சுண்ணத்தால் கட்டுவதே அந்நாளைய வழக்கமாயிருந்ததென்பது தானே விளங்கும். அடுத்த நூறாண்டுகளுக்குள் இராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலிலோ, சுண்ணப் பூச்சின் மேல் எழுதப்பெற்ற தேவியின் சித்திரம் இன்றும் எஞ்சி நிற்கின்றது.

கடற்கரையை அடுத்த ஊர்களில் கிளிஞ்சலும் உள்நாட்டில் சுக்கான்கல்லும் இத்தொழிலுக்கு மூலப்பொருள்கள். காற்று புகுவதற்குக் கீழே வாய்விட்ட வட்டச் சூளையில் கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கித் தீயிட்டு, அது வெந்து ஆறியபின் நீர் தெளிப்பார்கள். அப்போது அடுப்பும் நெருப்புமின்றியே அது சீறிப் புகைந்து, வெடித்து, பொடியாய் உதிரும். பின்னர் மணல் சேர்த்து, மாடு இழுக்கும் கல்லுருளையால் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் வார்த்துச் சாந்தாக்குவார்கள். சீறுகின்ற சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும். அந்த அபாயத்தினருகே தலைமுறை தலைமுறையாக நின்று உழைத்தவர்களின் பெயரைச் சாசனங்களில் காண்பது அரிது.

குளிர்ந்த நீர் பட்டதும் சூடு எங்கிருந்து பிறந்தது? சூளையின் அக்கினியே கல்லினுள் புகுந்து ஒளிந்திருந்து வெளிப்படுகிறதென்று ஐரோப்பிய ரசாயனிகளும் நெடுங்காலம் நம்பினர். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1756-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெந்த கல் எடையில் குறைகின்றதேயன்றிக் கூடுவதில்லை என்றும், அதனின்று ஒரு வாயு நீங்குகின்றதென்றும் தராசு கொண்டு நிறுவினார். நெருப்பு ஒரு பொருளாகக் கல்லில் குடிபுகவில்லை; ஆயினும் உஷ்ணம் வீணாய்ப் போகவுமில்லை. கரியமில வாயுவைக் கல்லினின்று பிரிக்கும் கிரியைக்கு அது செலவாகி, பிரிந்த பொருள்களின் உள்ளார்ந்த சக்தியாக நிலைபெற்றது.

திறந்த சூளையிலும் தொட்டியிலும் காற்று மண்டலத்தின் அழுத்தம் மாறாதிருப்பதால், அங்கே ஒரு ரசாயனக் கிரியை கொள்ளும் அல்லது விடுக்கும் வெப்பமே அதன் என்தால்பி மாற்றம் எனப்படும். 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல், சுமார் 900 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், 44 கிராம் கரியமில வாயுவை விட்டு 56 கிராம் சுட்ட சுண்ணாம்பாவதற்கு ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பத்தை உட்கொள்கின்றது; இது வெப்பங்கொள் வினை. அந்த 56 கிராம், 18 கிராம் நீருடன் கூடி நீறும்போது சுமார் 65 கிலோஜூல் வெளிப்படுகின்றது. இது வெப்பம் உமிழ் வினை. இக்கணக்கின்படி ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு விடுக்கும் வெப்பம், 30 பாகையிலுள்ள ஏறத்தாழ நான்கு லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு உயர்த்தப் போதும். எஞ்சிய 113 கிலோஜூலையும் சுவர் திருப்பித் தருகின்றது. பூசிய சாந்து மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகி இறுகுகையில், எவர் கைக்கும் தெரியாத மந்த கதியில் அவ்வெப்பம் வெளியேறிவிடுகின்றது.

அறுபத்தைந்தையும் நூற்றுப் பதின்மூன்றையும் கூட்டினால் நூற்று எழுபத்தெட்டு. கல் வாங்கிய கடன் ஒரு காசும் குறையாமல் அடைபட்டது. எத்தனை படிகளைக் கடந்து சென்றாலும் தொடக்க நிலையும் முடிவு நிலையும் ஒன்றாயின் மொத்த வெப்ப மாற்றமும் ஒன்றே என்று 1840-இல் ரஷியாவில் ஜெர்மைன் ஹெஸ் வகுத்த விதிக்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் வேண்டுவதில்லை. சூளைச் சுவரோடும் புகையோடும் போன வெப்பம் மட்டுமே திரும்பாத நஷ்டம். அதைக் குறைக்கும் வண்ணம் அடுக்குவதிலேயே சூளைக்காரரின் சாமர்த்தியம் அடங்கியிருந்தது.

1904-இல் சென்னையில் கடற்கிளிஞ்சலைக் கொண்டே போர்ட்லண்ட் சிமெண்ட் செய்யத் தலைப்பட்டார்கள். 1939-இல் திருச்சிச் சீமையில் டால்மியாபுரத்து ஆலை எழுந்தது. விரைவில் இறுகும் சிமெண்டின் முன் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆயினும் பழஞ்சுவரைச் சிமெண்டால் பூசினால், சுண்ணாம்பு விடுவதுபோல் ஈரத்தை வெளியேற விடாது அது அடைத்துக்கொள்ள, உள்ளே உப்புப் பூத்துச் செங்கல் உதிர்கின்றது. ஆகையால் திருப்பணிக்குச் சுண்ணாம்பே தக்கதென்பது பழமைப் பற்றினால் சொல்லும் வார்த்தையன்று. பொருள்களின் இயல்பறிந்து சொல்வது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் என்தால்பியைப் போதிக்கும் ஆசிரியர்கள் தம் பாடத்தை மண்டகப்பட்டுச் சாசனத்திலிருந்து தொடங்குவார்களாயின், மாணவர் ரசாயனத்தோடு தம் ஊரின் சரித்திரத்தையும் கற்பர். அவர்களுள் சிலரேனும் நாளை அப்பழஞ்சுவர்களைச் செப்பனிட முன்வருவர்.