தமிழ்க் கிறித்தவ பக்தி இலக்கியத்தில் உடல்

தமிழ்க் கிறித்தவ பக்தி மரபில் உடல் ஆன்மாவின் பகை அன்று; பழக்கினால் துணை நிற்கும் கருவி. ஒருசந்தி எனப்படும் நோன்பு, புலால் தவிர்க்கும் சுத்தபோசனம், முழந்தாளிடுதல், சிலுவைப்பாதை, திருப்பயணம் ஆகியவை அந்தப் பழக்கங்கள். கடவுளே மனித உடல் எடுத்தார் என்ற நம்பிக்கை இவற்றுக்கு அடிப்படை.

தொடக்கம்: கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்ட அண்ட்ரிக் அடிகளார், 1586இல் புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் தந்தார். நோன்பிருந்தோரும் உயிர்துறந்தோரும் முத்துக்குளித்துறை மக்களுக்கு அறிமுகமாயினர். 1606இல் மதுரை வந்த தத்துவபோதகர் (இராபர்ட் தெ நொபிலி) காவி உடுத்து, மரக்கறி உண்டு துறவியாக வாழ்ந்தார். ஆன்மாவின் இயல்பை ‘ஆத்தும நிர்ணயம்’ என்ற உரைநடை நூலில் ஆராய்ந்தார்.

காப்பியமும் புலம்பலும்: வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’ (1726) 3,615 பாடல்களால் ஆனது. தவம் நாடிக் காடு செல்லும் இளம் வளனை (யோசேப்பை) வானவர் தடுத்து, ஊருக்குள் அறம் செய்யத் திருப்பி அனுப்புகிறார். பின்னாளில் தச்சுத் தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காக்கும் அவனுடைய கைகளே அவனது தவத்தை நிறைவேற்றுகின்றன. இலங்கையில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயேசுவின் திருப்பாடுகளை ‘வியாகுல பிரசங்க’மாக எழுதினார். தவக்காலத்தில் அது புலம்பல் இராகத்தில் ஓதப்படுகிறது. கேட்போரின் கண்ணீரும் அங்கே வழிபாடாகிறது.

உழைப்பும் நடையும்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஞான ஏற்றப்பாட்டும் ஞானக்கும்மியும் பாடினார். ஏற்றம் இறைக்கும் தோளுக்கும் கும்மி கொட்டும் கைக்கும் உரிய பாட்டு வடிவங்களை அவர் இறைவனுக்கு ஆக்கினார். எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894), பனியனின் ஆங்கில நூலைத் தழுவி, மீட்பை நெடுவழி நடக்கும் பயணமாகக் காட்டுகிறது. 1950இல் குளித்தலை அருகே தொடங்கிய சாந்திவன ஆசிரமம், காவியும் தரையமர்ந்த தியானமும் கொண்ட தத்துவபோதகர் வழியைப் புதுப்பித்தது.

இன்று: கத்தோலிக்கர் உண்ணா நோன்பு காக்கவேண்டிய நாள்கள் 1966 முதல் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. எனினும் ஒவ்வொரு சூலையிலும் மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னா திருவிழாவில் மெழுகுதிரி ஏந்தி நடக்கும் கூட்டத்தில் மலேசியத் தமிழர்களும் இருக்கிறார்கள். ஏட்டில் இருந்த பக்தி அங்கே காலால் நடக்கிறது.