குதிரை போனது, எஃகு பூத்தது

1685-இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி நாந்த் பிரகடனத்தை ரத்து செய்தார். ஹியூகனாட்டுகள் எனப்பட்ட புராட்டஸ்டன்ட் மக்களுக்குச் சொந்த நாட்டில் வாழ வழியில்லாமல் போனது. நெசவாளர்களும் வெள்ளி வேலைக்காரர்களும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அந்த நெருக்கடிக் காலத்தில் லண்டனில் தஞ்சம் புகுந்த துப்பாக்கிக் கலைஞர் பியர் மோன்லோங், மூன்றாம் வில்லியம் மன்னருக்கே ஆயுதம் செய்பவராக உயர்ந்தார். சுற்றியுள்ள இரும்பை வெட்டி இறக்கி, உருவங்களை மேலே எழும்பி நிற்கவைக்கும் புடைப்பு வேலை அவர் கையில் உயிர்பெற்றது. இங்கிலாந்தில் அந்தக் கலைக்கு இனி பொற்காலம் என்றே தோன்றியது. ஆனால் நூறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது.

காரணம், பறக்கும் பறவையைச் சுடும் மோகம். தோளுக்கு ஏற்றதும் இலக்கை நோக்கித் தானாகத் திரும்புகிற லேசான துப்பாக்கியைச் சீமான்கள் தேடினார்கள். அதைச் செய்து கொடுத்தவர் லண்டனின் ஜோசப் மான்டன். எடை, சமநிலை, வடிவம் மூன்றும்தான் அவருடைய அழகு. மற்றபடி மெல்லிய சில கோடுகளோடு அலங்காரத்தை முடித்துக்கொண்டார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த பர்டி, பாஸ் போன்றவர்களும் அதே எளிமையைக் கற்றார்கள். அந்தத் துப்பாக்கியின் மருந்துக் கிண்ணிக்குப் பின்னால் சிறிய எஃகுத் தடுப்பு ஒன்று இருந்தது. பக்கவாட்டில் சீறும் தீ சுடுபவரின் முகத்தைத் தாக்காமல் காப்பது அதன் வேலை. அதில் ஓர் இலை துளிர்க்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்த திருப்பம் ஒரு பாதிரியாரிடமிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி கிராமத்தில் ஊழியம் செய்த அலெக்சாண்டர் ஃபோர்சைத், வாத்து வேட்டையில் தொடர்ந்து ஏமாந்தார். சக்கிமுக்கிக் கல்லின் பொறி பளிச்சிட்டதுமே பறவைகள் உஷாராகிவிடும். குண்டு வந்து சேரும்போது வாத்து அங்கே இருக்காது. தட்டினாலே வெடிக்கும் ரசாயனப் பொடியைக் கொண்டு பொறியே இல்லாமல் சுடும் வழியை அவர் கண்டுபிடித்தார். லண்டன் கோபுரத்தில் அவருக்கு ஆய்வறை கிடைத்தது. ஆனால் ராணுவத் தளவாடப் பொறுப்புக்குப் புதிதாக வந்த அதிகாரி, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டார். 1807-இல் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றார். பிறகு அதை மீறியதாக மான்டன்மீதே வழக்குத் தொடுத்தார். 1826-இல் மான்டன் திவாலானார். அவருடைய கடை இருந்த இடத்துக்கே பர்டி குடிபுகுந்தார்.

பிறகு அந்தப் பொடி சின்னஞ்சிறு தாமிரக் கேப்புக்குள் அடைபட்டது. பொறி ஒழிந்தது, ஆபத்து ஒழியவில்லை. துப்பாக்கியின் ‘குதிரை’ எனப்படும் சுத்தி ஓங்கி அடித்ததும் கேப் சிதறி, தாமிரத் துண்டுகள் பறந்தன. கண்ணைக் காக்க அந்த எஃகுத் தடுப்பு மேலும் பருத்துத் திரண்டது. 1851-இன் லண்டன் மகா கண்காட்சிக்கு, பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் பிரெஞ்சுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. வெடியைத் தோட்டாவே தன்னுள் அடக்கிக்கொண்டதால், தடுப்பின் பழைய வேலை சுருங்கியது. ஆனாலும் முன்னே நின்ற குதிரை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

1871-இல் குதிரையை உள்ளே ஒளித்துவைத்த துப்பாக்கியை மர்காட் என்பவர் கொண்டுவந்தார். அது எழுப்பிய சத்தத்தைக் கேட்டவர்கள் ‘எலிப்பொறி’ என்று பெயர் வைத்தார்கள். 1875-இல் பர்மிங்ஹாமில் ஆன்சன், டீலி என்ற இருவர் அதே எண்ணத்தை மிக எளிமையான பொறியமைப்பாக்கினார்கள். 1880-இல் பீஸ்லி என்பவரின் வடிவமைப்பை பர்டி நிறுவனம் வாங்கியது. பழகிய குதிரையைக் கைவிட எல்லாருக்கும் மனம் வரவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கடைசிவரை குதிரை வைத்த துப்பாக்கியையே பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் பட்டறைகளில் வேறொரு சங்கடம் எழுந்தது. குதிரை போனதும் பக்கத் தகடு வெறிச்சோடியது. அதன் மேலே, குழல் முடியும் இடத்தில், உருண்டு திரண்ட அந்தப் பழைய தடுப்பு, எஃகு மேடாக மொட்டையாக நின்றது.

செதுக்குநர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் அதுதான். தகட்டின் உட்புறத்தில் விசைகள் பொருந்தியிருப்பதால் அதை ஆழமாக வெட்ட முடியாது. அங்கே நுண்சுருள்களும் ரோஜாக் கொத்துகளும் படர்ந்தன. எஃகு மேட்டிலோ வெட்டி இறக்கப் போதுமான கனம் இருந்தது. உளியின் தலையில் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி, அகாந்தஸ் என்னும் அலங்கார இலையின் விளிம்பை முதலில் வெட்டினார்கள். பிறகு சுற்றியுள்ள தளத்தை இழை இழையாக இறக்கி, நுண்ணிய முளையால் புள்ளி குத்தி மங்கலாக்கினார்கள். கடைசியில் இலையின் முதுகை உருட்டி, நரம்பு கீறி, நுனியைச் சுருட்டிவிட்டார்கள். மங்கிய தளத்துக்கு மேலே இலை பளபளவென்று எழுந்தது. ஆனால் உண்மையான சோதனை இனிமேல்தான்.

உளி இறங்க வேண்டுமென்றால் எஃகு மென்மையாக இருக்க வேண்டும். துப்பாக்கி உழைக்க வேண்டுமென்றால் அது கடினமாக வேண்டும். அதனால் பல வார உழைப்பை எலும்புக்கரியோடு இரும்புப் பெட்டியில் அடைத்து, உலையில் செஞ்சூடாக்கி, தண்ணீரில் கொட்டினார்கள். எஃகு கோணினால் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. தப்பியவை நீலமும் பழுப்புமாக நிறம் பூத்து வெளிவந்தன.

இரண்டு உலகப் போர்கள் இந்தத் தொழிலை மெலியவைத்தன. லண்டனில் ஹாரி கெல்லின் செதுக்குப் பட்டறை போன்ற சிலவே மிஞ்சின. 1950-ஐ ஒட்டி பர்டியில் தொழில் பழகச் சேர்ந்த கென் ஹன்ட் என்ற சிறுவன் அங்கே அனுப்பப்பட்டான். பிற்காலத்தில் அவர் தங்கம் பதித்தும் புடைப்பாகச் செதுக்கியும் துப்பாக்கியையே ஓவியத் தளமாக்கினார்; அவரைப் பின்பற்றி ஒரு தலைமுறை எழுந்தது.

பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் உருப்பெருக்கியை முதலில் கொண்டுபோவது குழலின் அடியில் இருக்கும் அந்த இலைக்குத்தான். தளம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, புள்ளிகள் எவ்வளவு சீராக விழுந்திருக்கின்றன என்பதிலேயே கைத்திறன் தெரிந்துவிடும். விலையுயர்ந்த ஷாட்கன்னின் வழக்கமான அலங்காரம் என்று பலரும் கடந்துபோகும் அந்த இலை, தலைமுறை தலைமுறையாகச் சுடுபவர்களின் கண்ணைக் காத்த தடுப்புச் சுவரில் முளைத்தது.